வாசகர் கேள்வி பதில்: எதிராளியின் போர்டையும் பாருங்கள்

சென்ற இதழில் 'புயோ புயோ' வீடியோ கேமைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்ததும் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

ஆடியே பார்க்காதவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஆளுக்கொரு போர்டு. அகலம் 6 கட்டம், உயரம் 12. அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத 13-ஆவது வரிசை ஒன்று இருக்கிறது. மேலிருந்து புயோ என்னும் வண்ண உருண்டைகள் ஜோடி ஜோடியாக இறங்கும். ஒரே நிறத்தில் நான்கு, பக்கவாட்டிலோ மேலும் கீழுமாகவோ ஒட்டி நின்றால் மறைந்துவிடும். குறுக்குச் சாய்வாக நின்றால் கணக்கில் வராது. மறைந்தவற்றின் மேலே இருந்தவை கீழே விழும். விழுந்த இடத்தில் மறுபடியும் நான்கு சேர்ந்தால் அவையும் மறையும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்வதுதான் செயின். செயின் நீளும் அளவுக்கு எதிராளியின் போர்டில் நிறமில்லாத குப்பைப் புயோக்கள் விழும். குப்பை தானாகச் சேர்ந்து மறையாது. அதை ஒட்டி ஒரு வண்ணக் கூட்டம் மறையும்போதுதான் அதுவும் போகும். இடமிருந்து மூன்றாவது நெடுவரிசையில் கண்ணுக்குத் தெரிகிற உச்சிக் கட்டம் அடைபட்டால் தோல்வி.

என் பதில்கள் எல்லாம் 1994-இல் வந்த 'புயோ புயோ சூ'வின் விதிப்படிதான். இன்றைக்கும் பெரிய போட்டிகளில் இந்த விதியைத்தான் அதிகம் ஆடுகிறார்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர்): அக்கா, எனக்கு 3 செயினுக்கு மேல் வரவே மாட்டேன் என்கிறது. நன்றாக ஆடுகிறவர்கள் 12, 13 என்று போகிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்களா?

பதில்: கொஞ்சம் மனப்பாடம், மீதி பழக்கம். மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி நீ நினைப்பதைவிடச் சிறியது, தம்பி. முதலில் படிக்கட்டைக் கற்றுக்கொள்.

ஒரு தாளில் வரைந்து பார். முதல் நெடுவரிசையில் மூன்று சிவப்பு. இரண்டாவதில் மூன்று பச்சை, அவற்றின் தலையில் ஒரு நீலம். மூன்றாவதில் மூன்று நீலம், தலையில் ஒரு மஞ்சள். நான்காவதில் மூன்று மஞ்சள் மட்டும். இப்போது உன் கைக்குச் சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஜோடி வருகிறது. சிவப்பு கீழே, பச்சை மேலே இருக்கும்படி நிமிர்த்தி முதல் நெடுவரிசையில் இறக்கு. நான்கு சிவப்பும் மறையும். பச்சை தரைக்கு விழுந்து பக்கத்திலுள்ள மூன்று பச்சையோடு ஒட்டும். அவை மறைந்ததும் நீலம் தரைக்கு வரும். நீலம் போனதும் மஞ்சள். பதினாறு புயோ, 4 செயின்!

இதில் நீ மனத்தில் வாங்கவேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு நெடுவரிசையின் தலையிலும் உட்கார்ந்திருக்கும் அந்த ஒற்றைப் புயோ அடுத்த நெடுவரிசைக்கான சாவி. மூன்றை அடுக்கி முடித்தவுடனே 'இதன் தலையில் என்ன நிறம் உட்கார வேண்டும்' என்ற கேள்வி உனக்குத் தானாக எழவேண்டும். எழ ஆரம்பித்துவிட்டால் 3 செயின் உன்னை விட்டுப் போய்விடும்.

ஆனால் படிக்கட்டு வலதுபக்கச் சுவரில் போய் முட்டி நின்றுவிடும். அகலம் ஆறே கட்டம் அல்லவா? அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் செயினை ஒரு ஓரத்தில் மடித்துத் திருப்புகிறார்கள். கீழ்த்தட்டில் ஒரு திசையில் ஓடிய செயின் ஓரத்தில் மேலே ஏறி மேல்தட்டில் எதிர்த்திசையில் திரும்பி ஓடும். இந்த மடிப்புகளில் பேர்போனது ஜி.டி.ஆர்., அதாவது கிரேட் தனாகா ரென்சா. தனாகா என்ற ஆட்டக்காரரின் பெயரால் வழங்குவது. இடதுபக்கத்து மூன்று நெடுவரிசைகளுக்குள் அடங்கிவிடும். நான் இன்றுவரை என் ஆட்டத்தை அதில்தான் தொடங்குகிறேன். அது கைக்கு வந்துவிட்டால் பாதிச் செயின் தானாக நிற்கும்; மூளையை மற்ற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த மற்ற வேலை என்ன என்பதை அடுத்த கடிதத்தின் பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன். அதை விடாமல் படி. 13 செயினைப் பார்த்து மலைக்காதே. மறைந்திருக்கும் வரிசையையும் சேர்த்து 78 கட்டம். செயினின் ஒவ்வொரு படிக்கும் 4 புயோ வீதம் பார்த்தால் 19-தான் உச்சவரம்பு. உனக்கு இப்போது வேண்டியது 5. ஐந்தை நினைத்தபோது கட்ட முடிகிறவன் எந்த எதிராளிக்கும் ஆபத்தானவன்தான்.

கேள்வி (அலுவலகப் பணியில் இருக்கும் வாசகி): நான் பொறுமையாகப் பெரிய செயின் கட்டிக்கொண்டிருப்பேன். எதிராளி சின்னதாக ஒரு 2 செயின் அடித்து நாலைந்து குப்பையைப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார். இப்படி ஆடுவது ஆட்டத்தின் அழகையே கொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உடன்பட மாட்டேன். ஆட்டத்தின் அழகே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு நேரத்தில் நான்கு புயோ வீதம் மறைகிற சாதாரணச் செயினுக்கு முதல் படியில் 40 புள்ளி. இரண்டாம் படிக்கு 320, மூன்றாம் படிக்கு 640, நான்காம் படிக்கு 1280, ஐந்தாம் படிக்கு 2560, ஆறாம் படிக்கு 3840. எழுபது புள்ளிக்கு ஒரு குப்பை. அதாவது 2 செயின் அனுப்புவது 5 குப்பை, 3 செயின் 14, 4 செயின் 32, 5 செயின் 69, 6 செயின் 124. கண்ணுக்குத் தெரிகிற போர்டே 72 கட்டம்தான். ஆகவே 5 செயின் ஏறக்குறைய ஒரு போர்டையே நிரப்பிவிடும். (ஆட்டம் நீளமாகப் போனால் எழுபது என்ற அந்த அளவு குறைந்துகொண்டே வரும், அப்போது சின்னச் செயினுக்கும் பெரிய அடி விழும்.)

இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லாருக்கும் உங்களைப் போலத்தான் தோன்றும்: சின்னதை விட்டுவிட்டுப் பெரியதைக் கட்டுவோமே என்று. 1991-இல் வந்த முதல் ஆட்டத்தில் அது சரியான எண்ணம்தான். அதில் வருகிற குப்பையைத் தடுக்க வழியே கிடையாது. யார் முதலில் பெரிய செயினைப் பற்றவைக்கிறாரோ அவருக்கே வெற்றி. இரண்டு பேர் தனித்தனியாக ஓடுகிற ஓட்டப்பந்தயம் அது.

1994-இல் 'சூ' சேர்த்த விதிகளில் முக்கியமானது ஒன்று: கழித்தல். எதிராளி அனுப்பிய குப்பை உங்கள் போர்டில் விழுவதற்கு முன்பு நீங்கள் ஒரு செயின் அடித்தால் அவர் அனுப்பியதில் நீங்கள் அனுப்பியது கழியும். மிச்சம்தான் யார் மேலாவது விழும். அந்த ஒரு விதியால் பந்தயம் உரையாடலாக மாறியது. இந்த விதியைச் சிந்தித்தவர்களை நான் மனதாரப் போற்றுகிறேன். இது இல்லாவிட்டால் இந்த ஆட்டத்தை இத்தனை ஆண்டு கழித்து ஒருவரும் ஆடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒரு உதாரணம். எதிராளி 5 செயினைப் பற்றவைத்துவிட்டார். 69 குப்பை வரப்போகிறது. உங்களிடம் 4 செயின் தயாராக நிற்கிறது. பதறிப்போய் உடனே அதை அடித்தால் 32 கழியும், 37 உங்கள் தலையில். அத்தனையும் ஒரே நேரத்தில் விழாது. ஒரு முறைக்கு அதிகபட்சம் 30, அதாவது முழுதாக ஐந்து வரிசை. மீதி 7 அடுத்த முறை. உங்கள் செயினும் போயிற்று, இடமும் போயிற்று.

இப்போது வேறு மாதிரி யோசியுங்கள். செயினின் ஒவ்வொரு படியும் மறைந்து விழ ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. அவருடைய செயின் ஓடி முடியும்வரை அவரால் ஒரு புயோவைக்கூட வைக்க முடியாது. உங்களால் முடியும். மின்னலைப் பார்த்தவுடன் இடிக்கு எண்ணுவதுபோல அவருடைய முதல் படி மறைந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். அந்த நேரத்தில் இரண்டு மூன்று ஜோடிகளைச் சரியாக இறக்கி உங்கள் 4 செயினை 6 ஆக்கிவிட்டால் 124-இல் 69 போக 55 குப்பை அவருக்குத் திரும்பும். செயினை அடித்து முடித்ததால் அவர் போர்டு காலி. கழிக்க அவர் கையில் ஒன்றும் இருக்காது. முப்பது விழும், பிறகு இருபத்தைந்து விழும், முடிந்தது.

கூடக் கட்டியது இரண்டே படி. அதைவிட முக்கியம், நீங்கள் இரண்டாவதாக அடித்தீர்கள் என்பது. பெரிய ஆட்டக்காரர்கள் இருவர் மோதும்போது வெகுநேரம் ஒன்றும் நடக்காதது போலத் தெரியுமே, அதன் காரணம் இதுதான். இருவரும் 'நீ முதலில் அடி' என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்களுக்குக் கோபமூட்டிய அந்த 2 செயினுக்கு வருகிறேன். அது எதற்காக அடிக்கப்படுகிறது? உங்களைக் கொல்ல அல்ல. உங்கள் திரியை மூட. திரி என்று நான் சொல்வது, செயினைப் பற்றவைக்க நீங்கள் திறந்து வைத்திருக்கும் அந்த இடத்தை. ஐந்தே குப்பையில் ஒன்று அதன்மேல் உட்கார்ந்தால்கூட உங்கள் பத்துச் செயின் வெறும் மூட்டையாகிவிடும். இன்னும் கூர்மையான ஒரு அடி இருக்கிறது: 2 செயின்தான், ஆனால் இரண்டாவது படியில் இரண்டு நிறங்கள் நந்நான்காகச் சேர்ந்து மறையும். இரு நிறத்துக்கான ஊக்கப்புள்ளி சேர்வதால் மொத்தம் 920 புள்ளி, 13 குப்பை. முழுசாக இரண்டு வரிசை, மேலே ஒன்று! இரண்டு அடுக்குக்குக் கீழே புதைந்த திரியைத் தோண்டி எடுப்பதற்குள் அவர் தன் பெரிய செயினை முடித்துவிடுவார். இதை அவர் நினைத்த நேரத்தில் அடிப்பதில்லை. உங்கள் கையில் பதிலுக்கு அடிக்க ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறார்.

அதனால் என் பதில் இரண்டு. ஒன்று, பெரிய செயினைத் தொடாமலே தனியாக அடிக்கக்கூடிய ஒரு சின்னச் செயினை எப்போதும் வைத்திருங்கள். நான் வலதுபக்கத்து இரண்டு நெடுவரிசைகளை அதற்காகவே விடுகிறேன். அவர் ஐந்து அனுப்பினால் நீங்களும் ஐந்தால் கழித்துவிட்டுப் பெரிய வேலையைத் தொடரலாம். இரண்டாவது, நிமிர்ந்து எதிர்ப்பக்கத்துப் போர்டைப் பாருங்கள். உங்கள் கடிதம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். எதிராளியின் போர்டு எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அவரும் செயின் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார். அவருடைய திரியும் எங்கோ திறந்துதான் இருந்திருக்கும்.

இதைப் பழக ஒரு வழி சொல்கிறேன். என் தம்பியும் நானும் இப்படித்தான் பழகினோம். ஒருவர் ஆடுவார். மற்றவர் அவர் பின்னால் உட்கார்ந்து எதிராளியின் போர்டை மட்டும் பார்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார். "வலப்பக்கம் ரெண்டு செயின் ரெடி." "திரி மூடியிருக்கு." "பச்சைக்குக் காத்திருக்கான்." "இப்ப வெறுங்கை, அடி!" ஆடுகிறவர் தன் கண்ணைத் தன் போர்டிலேயே வைத்திருக்கலாம். சில நாட்களில் பின்னால் ஆள் இல்லாதபோதும் அந்தக் குரல் உள்ளே கேட்க ஆரம்பிக்கும். என் தம்பி செயின் கட்டுவதில் என்னைவிடப் பல படி மேல். ஆனாலும் எதிர்ப்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவன் போட்டிகளில் ஜெயிக்க ஆரம்பித்தான்.

கூடுதலாக ஒன்று. இருவருக்கும் வரும் ஜோடிகளின் வரிசை ஒன்றேதான். உங்கள் கை அவர் கையைவிட வேகமாக இருந்தால் அவருக்கு இனி வரப்போகும் நிறங்கள் உங்களுக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கும். அவர் காத்திருக்கும் பச்சை இன்னும் மூன்று ஜோடி கழித்துத்தான் வரும் என்று உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் 2 செயினை எப்போது அடிப்பீர்கள்?

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவியின் தந்தை): மகள் இதே நினைப்பாக இருக்கிறாள். கூப்பிட்டால் 'ஒரு நிமிஷம்' என்கிறாள். நேரக் கட்டுப்பாடு எப்படி வைப்பது?

பதில்: ஐயா, அவள் சொல்லும் ஒரு நிமிஷம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஒரு சுற்று ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடக்கூடியது. ஆனால் நடுவில் நிறுத்தினால் எதிரில் ஆடுகிறவருக்கும் ஆட்டம் கெடும். ஆகவே மணியைச் சொல்லாமல் சுற்றைச் சொல்லுங்கள். 'இந்தச் சுற்று முடிந்ததும் எழுந்து வா' என்று சொன்னால் வருவாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சுற்று நீங்களும் ஆடிப் பாருங்கள். அவள் அங்கே என்ன யோசிக்கிறாள் என்பது தெரிந்தபின் உங்கள் கேள்வியே வேறாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி (பழைய கேம்களைச் சேகரிக்கும் வாசகர்): 'டாக்டர் ரோபாட்னிக்ஸ் மீன் பீன் மெஷின்' என்று ஒன்று வைத்திருக்கிறேன். புயோ புயோவைப் பார்த்து அடித்த நகலா அது?

பதில்: நகல் இல்லை. அதே ஆட்டம்தான், வேறு உடை. ஜப்பானின் கம்பைல் நிறுவனம் 1991-இல் எம்.எஸ்.எக்ஸ்.2 கணினிக்கும் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கும் புயோ புயோவைக் கொண்டுவந்தது. பாத்திரங்களைத் தங்களுடைய 'மாதோ மொனோகதாரி' என்ற சாகச விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆர்லே என்ற மந்திரம் கற்கும் பெண்ணும் அவள் தோளில் திரியும் மஞ்சள் நிறக் கார்பங்கிளும் அங்கிருந்து வந்தவர்கள். 1992-இல் சேகா நிறுவனம் வழியாக, காசு போட்டு ஆடும் ஆர்கேடுக்கு வந்தபோதுதான் இருவர் மோதும் ஆட்டமாக ஜப்பானில் பெரும்புகழ் பெற்றது. வெளிநாட்டில் அந்தப் பாத்திரங்களை யாருக்கும் தெரியாது என்பதால் 1993-இல் சேகாவின் 'சோனிக்' கேமில் வரும் வில்லன் ரோபாட்னிக்கை வைத்து உங்கள் 'மீன் பீன் மெஷின்' வந்தது. சூப்பர் நின்டெண்டோவுக்கு 1995-இல் கிர்பியை வைத்து 'கிர்பிஸ் அவலாஞ்ச்' வந்தது. 1998-இல் புயோ புயோவின் உரிமையே சேகாவிடம் போனது.

உங்களிடம் இருப்பது முதல் ஆட்டத்தின் வழிவந்தது. கழித்தல் விதி அதில் கிடையாது. பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் நண்பரோடு மோதிப் பழக வேண்டுமானால் 'சூ' விதி உள்ள பதிப்பை எடுங்கள். 2019-இல் உலகெங்கும் வெளிவந்த 'புயோ புயோ சாம்பியன்ஸ்' போதும். அதில் 'சூ' விதியும் 2003-இல் வந்த 'ஃபீவர்' விதியும் இருக்கின்றன. ஃபீவரில் நீங்கள் ஒரு செயின் அடித்துக் கழித்தால் அந்தத் தடவை மீதிக் குப்பை விழாமல் காத்திருக்கும். புதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். எனக்கு அந்த ஆறுதல் இல்லாத 'சூ'தான் பிடிக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு சரியாகத் தெரியாது. வண்ணம் சேர்க்கிற ஆட்டத்தில் எனக்கு இடம் உண்டா?

பதில்: உண்டு, தம்பி. தயங்காமல் வாருங்கள். புயோக்களுக்கு நிறம் மட்டும் அடையாளம் அல்ல. ஒவ்வொரு நிறத்துக்கும் கண்ணின் வடிவம் வேறு. பிற்காலப் பதிப்புகளில் புயோவின் தோற்றத்தையே மாற்றிக்கொள்ளலாம். உருவம் நன்றாக வேறுபடுகிற தொகுப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 'சாம்பியன்ஸ்' பதிப்பில் நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வண்ணங்களை மாற்றும் அமைப்பும் பின்னர் சேர்க்கப்பட்டது. எதிரில் ஆடுகிறவருடைய திரையில் அது எதையும் மாற்றாது என்பதால் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆட்டம் தொடங்கும்போது ஐந்து நிறங்களில் நான்குதான் வரும். எந்த நான்கு என்பதை முதல் சில ஜோடிகளிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால் குழப்பம் இன்னும் குறையும்.

நம் வாசகர்களில் போட்டி நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு என் வேண்டுகோள்: ஆட்டக்காரர் தன் தோற்றத் தொகுப்பைத் தானே தேர்ந்தெடுக்க விடுங்கள். எல்லாரும் ஒரே தோற்றத்தில்தான் ஆடவேண்டும் என்று சொல்வதில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

கேள்வி (டெட்ரிஸ் ரசிகர்): 'புயோ புயோ டெட்ரிஸ்' ஆட்டத்தில் ஒருவர் டெட்ரிஸும் மற்றவர் புயோவும் ஆடினால் யாருக்குச் சாதகம்?

பதில்: நடுத்தர ஆட்டக்காரர்களுக்குள் என்றால் டெட்ரிஸுக்கு. அவர் வரிசைகளை மறைத்து மறைத்து ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பார். புயோ ஆடுகிறவர் கட்டி முடிப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். புயோ பக்கம் கைதேர்ந்தவராக இருந்து ஒரு நீண்ட செயினைப் பற்றவைத்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். 2014-இல் வெளிவந்த அந்தக் கலப்பு ஆட்டம் நண்பர்கள் கூடும்போது நன்றாக இருக்கும். புயோவைக் கற்றுக்கொள்ள அதன் கலப்பு ஆட்டத்தை நம்பவேண்டாம். எதிராளியின் செயினைப் படிக்கும் பழக்கம் அதில் வளராது. எதிரில் செயினே இல்லையே.

கேள்வி (முதல்முறை போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கும் வாசகி): பத்து நாளில் போட்டி. பயிற்சியில் 9, 10 செயின் வருகிறது. எதிரே ஆள் உட்கார்ந்தால் கை நடுங்கி 4-லேயே அடித்துவிடுகிறேன். என்ன செய்யலாம், அக்கா?

பதில்: முதலில் வாழ்த்து. பெயர் கொடுத்தீர்களே, அதற்கு.

நடுக்கத்தைப் போக்க முயலவேண்டாம். நடுங்கும்போதும் செய்யக்கூடிய அளவுக்கு வேலையைச் சுருக்குங்கள். தனியாக ஆடும்போது உங்கள் போர்டு ஒன்றே உலகம். ஆள் வந்ததும் கண்ணுக்கு இன்னொரு வேலை சேர்கிறது. நீங்கள் 4-இல் அடிப்பது பயத்தால் மட்டும் அல்ல. எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாததால், 'எதுவும் வந்துவிடுமோ' என்று அடிக்கிறீர்கள். தெரிந்தால் காத்திருக்க முடியும்.

ஆகவே இந்தப் பத்து நாளும் 10 செயினை மறந்துவிடுங்கள். ஆறு செயின் கட்டினால் போதும் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு இரண்டு ஜோடிக்கும் ஒரு முறை எதிர்ப்பக்கம் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். பார்க்க ஒரு கணம் போதும். தேட வேண்டியவை: அவர் மூன்றாவது நெடுவரிசை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, திரி திறந்திருக்கிறதா, உடனே அடிக்கச் சின்னது ஏதாவது வைத்திருக்கிறாரா. அடுத்த ஜோடியும் அதற்கடுத்த ஜோடியும் திரையில் முன்கூட்டியே தெரிகின்றன அல்லவா? அந்த இரண்டையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கண்ணைத் திருப்பவேண்டும். கைக்கு வேலை கொடுத்துவிட்டுக் கண்ணை அனுப்புங்கள்.

தோற்ற சுற்றுகளைப் பதிவில் திரும்பப் பார்க்கும்போது உங்கள் பக்கத்தைப் பார்க்காதீர்கள். முழுக்க எதிராளியின் பக்கத்தை மட்டும் பாருங்கள். அவர் வெறுங்கையாக இருந்த கணங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். நிறைய இருக்கும். அதைப் பார்த்ததும் தைரியம் தானாக வரும்.

ஜப்பானில் 2018-இல் இந்த ஆட்டத்துக்குத் தொழில்முறை உரிமமே கொடுக்கத் தொடங்கினார்கள். 2019-இல் இபராகி மாநிலத்தில் தேசிய விளையாட்டு விழாவையொட்டி நடந்த மாநிலங்களுக்கிடையிலான மின்விளையாட்டுப் போட்டியிலும் புயோ புயோ இடம்பெற்றது. நீங்கள் உட்காரப்போகும் நாற்காலி மதிப்புள்ள நாற்காலி. நேராக உட்காருங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற வாசகர்): கன்ட்ரோலரா, கீபோர்டா?

பதில்: எது பழக்கமோ அது. ஆனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் சுழற்ற இரண்டு தனி பட்டன்கள் கட்டாயம் வேண்டும். ஒரே பட்டனை மூன்று முறை அழுத்துகிறவர் ஒவ்வொரு ஜோடியிலும் நேரத்தை இழக்கிறார். இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் ஒரு கட்ட அகலப் பள்ளத்தில் ஜோடி மாட்டிக்கொண்டால் சுழற்றும் பட்டனை இருமுறை தட்டுங்கள். மேலும் கீழும் இடம் மாறிக்கொள்ளும். இது தெரியாமலே ஆடிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

கேள்வி (அதே பத்தாம் வகுப்பு மாணவர், இரண்டாவது கடிதம்): அக்கா, போர்டு முழுக்கக் காலியானால் கிடைக்கும் சிறப்புப் பரிசுக்கு முயற்சி செய்யலாமா?

பதில்: ஆரம்பத்தில் கட்டாயம். போர்டைத் துடைத்தால் அடுத்து நீ அடிக்கும் அடியோடு 2100 புள்ளி சேரும். எழுபதால் வகுத்துப் பார், சரியாக 30 குப்பை, ஐந்து முழு வரிசை. முதல் சில ஜோடிகளில் நிறம் ஒத்துவந்தால் விடாதே. உனக்கு வருகிற ஜோடிதான் அவனுக்கும் வருகிறது. அவனும் துடைக்கப் பார்ப்பான். அவன் துடைத்து நீ விட்டுவிட்டால் அவனுடைய 2 செயினும் 35 குப்பையாக வந்து இறங்கும்.

இரண்டு மூன்று வரிசை கட்டியான பிறகு அதை மறந்துவிடு. அவன் துடைத்துவிட்டான் என்று தெரிந்தால் அவன் அந்தப் பரிசைச் செலவழிக்கும்வரை உன்னுடைய திரியை மூடாமல், கழிக்க ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆடு. படிக்கட்டு எத்தனை செயின் வந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.